கல்வேலிக்கு அப்பால் கேட்கும் சத்தம்

யசிந்தன் முழந்தாளில் நின்று, ஸ்பீக்கரின் முகத்தில் நடுவிரலை மெல்ல வைத்திருந்தார். ரி.வி. மேசைக்குப் பின்னால் குந்தியிருந்த அவருடைய மகள் நிலாந்தினி, வயரின் மற்ற நுனியை ஒரு டோர்ச் பற்றரியில் தொட்டாள்.

“வெளியாலை,” என்றார்.

அவள் பற்றரியைத் திருப்பித் தொட்டாள்.

“இப்ப உள்ளுக்கை.”

“அப்ப முதல் தொட்டதுதான் சரி. மூண்டு ஸ்பீக்கரும் ஒரே நேரத்திலை வெளியாலை வரவேணும் அப்பா. ஒண்டு வெளியாலை வர மற்றது உள்ளுக்கை போனால், ஒண்டின்ரை சத்தத்தை மற்றது திண்டுபோடும்.”

“என்ன?”

அவள் எழுந்து வந்து அவருடைய இடது காதுக்குக் கிட்டக் குனிந்து அதையே உரத்துச் சொன்னாள்.

“ஓ. ரெண்டு பேர் ஒரு வள்ளத்திலை எதிரும் புதிருமாய்த் துடுப்புப் போடுற மாதிரி.”

“ஓம்.”

பற்றரி தொடும்போதெல்லாம் ஸ்பீக்கர் ‘டுக்’ என்று ஒரு சின்னச் சத்தம் போட்டது. அது நிலாந்தினிக்குக் கேட்டது. யசிந்தனுக்குக் கேட்கவில்லை. அவருடைய விரலுக்கு மட்டும் தெரிந்தது. நடு ஸ்பீக்கர் முடிந்தது, இடது ஸ்பீக்கர் முடிந்தது. எழுந்து நடந்தால் முழங்கால் நோகும் என்று, வலது ஸ்பீக்கருக்கு முழந்தாளாலேயே நகர்ந்து போனார். போய் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

அந்த நேரம் பக்கத்து வளவிலிருந்து ஒரு பெண்ணின் அலறல் வந்தது. பின்னால் இன்னும் இரண்டு மூன்று குரல்கள் சேர்ந்துகொண்டன. நிலாந்தினியின் கை அந்தரத்தில் நின்றது.

“தொடு பிள்ளை,” என்றார் யசிந்தன், விரலை எடுக்காமல். “ஒண்டும் தெரியேல்லை. வயர் அறுந்து போச்சோ?”

“அப்பா, ஆழ்வாப்பிள்ளை மாமா வீட்டிலை அழுகினம்.”

“என்ன?”

அவள் பக்கத்து வளவுப் பக்கம் கையைக் காட்டினாள். அவர் அவளுடைய முகத்தைப் பார்த்தார். விரலை எடுத்தார். சுவரைப் பிடித்து எழுந்து, சேட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

இரண்டு பேரும் சேர்ந்து செய்த கடைசி வேலை அதுதான். அதற்குப் பிறகு நிலாந்தினி லோஞ்ச் படகில் கடல் கடந்து வந்து நெடுந்தீவில் இறங்கியபோது, யசிந்தனை அதே ஹோலில், இடது ஸ்பீக்கருக்கும் வலது ஸ்பீக்கருக்கும் நடுவில் கிடத்தியிருந்தார்கள். அவருடைய கதிரையை எடுத்து விறாந்தையில் போட்டிருந்தார்கள்.

யசிந்தன் லோஞ்சில் எஞ்சின் ஓட்டியவர். அக்கரையில் குறிகாட்டுவானுக்குப் போவதும் வருவதுமாக அவருடைய காலம் போனது. மேலே இருந்தவர்கள் கடலைப் பார்த்தார்கள், சத்தி எடுத்தார்கள், செபமாலை சொன்னார்கள். அவர் கீழே எஞ்சினுக்குப் பக்கத்தில் ஒரு பலகையில் இருந்தார். ஒவ்வொரு நாளும் கடலைக் கடந்தாலும் கடலை அவர் கண்டது குறைவு. புகைக்குழாய் அவருடைய வலது பக்கமாகப் போனது. அதனால் வலது காது முதலில் போனது. பிறகு இடது காதும் பாதி போனது.

முன்னுக்கு எடு, பின்னுக்கு எடு என்று மேலே சுக்கான் பிடிக்கும் தண்டையல் மணி அடிப்பது வழக்கம். அந்த மணி அவருக்குக் கேட்காமல் போன ஒரு நாள் லோஞ்ச் இறங்குதுறையில் முட்டியது. ஆருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த நாள் தண்டையல் ஒரு நைலோன் கயிற்றைக் கீழே விட்டு, அதை யசிந்தனின் மணிக்கட்டில் கட்டினார். ஒரு இழுவை முன்னுக்கு, இரண்டு இழுவை பின்னுக்கு. “மாட்டுக்குப் பிறகு கயிறு கட்டினது எனக்குத்தான்,” என்று யசிந்தன் வீட்டில் வந்து சொல்லிச் சிரித்தார். அந்தக் கயிற்றோடு இன்னும் சில வருடங்கள் ஓட்டினார். எஞ்சினுக்கு என்ன வருத்தம் என்பதைக் காதால் அல்ல, உள்ளங்காலால் அறிந்தார்.

ஓய்ந்த பிறகு அவருக்கு ரி.வி.தான் துணை. யாழ்ப்பாணத்தில் காது சோதித்து ஒரு கருவி கொடுத்திருந்தார்கள். அது அலுமாரியில் இருந்தது. “காத்து அடிச்சால் அது சீக்காய் அடிக்குது, எனக்கென்ன நாய் கூப்பிடுற வேலையோ?” என்பார். நெடுந்தீவில் காற்று அடிக்காத நாள் இல்லை. ஆகவே ரி.வி.யின் சத்தத்தை அது போகும் மட்டும் கூட்டிவைத்தார். கூட்டியும் வசனம் விளங்கவில்லை. இடி விளங்கியது, அடி விளங்கியது, பாட்டின் மேளம் விளங்கியது. வசனத்தை அவர் தானாகப் போட்டுக்கொண்டார். படம் முடிந்தபின் மனைவி மதலேனாவுக்குக் கதை சொல்லுவார். அண்ணனைத் தகப்பன் என்பார். கடன் கேட்க வந்தவனைப் பெண் கேட்க வந்தவன் என்பார்.

“நானும் இருந்து பாத்தனான். நீங்கள் சொல்லுற கதை அந்தப் படத்திலை இல்லை,” என்பாள் மதலேனா.

“அப்ப இது நல்ல கதையோ, அது நல்ல கதையோ?”

“இதுதான்,” என்று ஒத்துக்கொள்வாள்.

பக்கத்து வளவு ஆழ்வாப்பிள்ளைக்கு இந்த இரண்டு கதையும் வேண்டியிருக்கவில்லை. அவர் மாடு வளர்த்தவர். விடியமுன் எழும்பிப் பால் கறக்க வேண்டும் என்பதால் பொழுது பட்டவுடன் படுப்பார். இரண்டு வளவுக்கும் நடுவில் இருந்தது ஒரு கல்வேலி. சாந்து பூசாமல், கடற்கல்லைக் கல்லுக்கு மேல் கல்லாக அடுக்கிய வேலி. அதில் ஓரிடத்தில் ஆள் தாண்டக்கூடிய ஒரு பொட்டு, கல் இல்லாத சின்ன இடைவெளி. அதால் அங்கிருந்து பால் வந்தது, இங்கிருந்து மீன் போனது. சத்தத்துக்குப் பொட்டுத் தேவைப்படவில்லை.

“யசிந்தண்ணை, நேற்றைக்கு உங்கடை படத்திலை வில்லன் செத்தவனெல்லே? அந்த நேரம் தொடங்கி என்ரை சிவலை பால் தரேல்லை,” என்று ஆழ்வாப்பிள்ளை முதலில் பகிடியாகத்தான் சொன்னார். பிறகு பகிடி குறைந்தது. பிறகு ஒருநாள் இறங்குதுறையில் பத்துப் பேருக்கு முன்னால், “இந்தச் செவிடனுக்குப் பக்கத்திலை குடியிருக்கிறதிலும் பாக்கக் கடலுக்கை இறங்கி நிக்கலாம்,” என்றார். யசிந்தன் அங்கேதான் நின்றார். அவருக்கு அது கேட்கவில்லை. எல்லாரும் சிரிப்பதைப் பார்த்து அவரும் சிரித்தார். பின்னர் ஒருவன் அவருடைய இடது காதுக்குக் கிட்ட வந்து அதைத் திரும்பச் சொன்னான்.

அன்று பின்னேரமே யசிந்தன் பொட்டைக் கல் அடுக்கி மூடினார். அதற்குப் பிறகு இரண்டு பேரும் பேசவில்லை. ஆழ்வாப்பிள்ளையின் மனைவி இலட்சுமிப்பிள்ளை பாலைத் தெருவால் சுற்றிக் கொண்டுவந்து மதலேனாவிடம் கொடுத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் போனாள்.

நிலாந்தினி கொழும்பில் மின் பொறியியலாளர். தகப்பனுக்கும் அயலவருக்கும் நடுவில் என்ன நடந்தது என்று தாய் தொலைபேசியில் சொன்னபோது, அவளுக்கு அது ஒரு கணக்காகத்தான் பட்டது. தகப்பனுக்கு வசனம் விளங்க வேண்டும். ஆழ்வாப்பிள்ளைக்கு நித்திரை குழம்பக் கூடாது.

காது சோதித்த தாளில் இருந்த கோட்டைப் போனில் படம் பிடித்து அனுப்பச் சொன்னாள். கோடு இடப்பக்கம் ஓரளவு மட்டமாக வந்து, நடுவுக்குப் பிறகு படிக்கட்டில் இருந்து விழுந்ததுபோல் கீழே போனது. தடித்த சத்தங்கள் அவருக்குக் கேட்கின்றன. சொல்லைச் சொல்லாக்கும் மெல்லிய சத்தங்கள்தான் கேட்கவில்லை. ஒட்டுமொத்தமாகக் கூட்டினால் தடித்த சத்தமும் கூடும், அதுதான் வேலி தாண்டும். வேண்டியது பலம் இல்லை. பேச்சு வரும் நடு ஸ்பீக்கரை மட்டும் தனியாக உயர்த்தவும், அதிலும் மெல்லிய சத்தங்களை மட்டும் கூட்டவும் இடம் தருகிற ஒரு றிசீவர்.

யசிந்தனுக்கு வேறு யோசனை. பாரிசில் இருக்கும் தம்பியின் மகன் தன் வீட்டு ஹோலைப் படம் எடுத்து அனுப்பியிருந்தான். அதில் ஏழு ஸ்பீக்கர். ஒரு மூலையில் அடுப்பு அளவில் ஒரு பெட்டி, இடிச் சத்தத்துக்கென்றே.

மதலேனா போனைப் பிடித்துக்கொண்டு இரண்டு பக்கத்துக்கும் மாறி மாறிச் சொன்னாள்.

“அப்பா கேக்கிறார், ஏழு வாங்கினால் என்னவாம்.”

“மூண்டு காணும் எண்டு சொல்லுங்கோ.”

“மூண்டு காணுமாம்... அப்ப அந்த இடிப் பெட்டி எண்டு கேக்கிறார்.”

“அது வேண்டாம். அதுதான் ஆழ்வாப்பிள்ளை மாமாவை எழுப்பும்.”

பிறகு யசிந்தனின் குரல் தூரத்தில் கேட்டது. “அப்ப வேண்டாம்.”

கொழும்பில் கடைக்காரன் வாட்டைப் பற்றியே பேசினான். “மிஸ், இது ஆயிரம் வாட். வீடு அதிரும்.” வீடு அதிராதது வேண்டும் என்று அவள் சொன்னபோது, அவன் சாமான் விற்க வந்தவளிடம் பேசுவதுபோல ஆர்வம் குறைந்து பேசினான். கடைசியில் இன்னோரிடத்தில், ஒருவர் பாவித்துவிட்டு விற்ற ஒரு பழைய றிசீவரை எடுத்தாள். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனித்தனியாகச் சத்தத்தை வளைக்கலாம். பெரிய சத்தத்தை அமுக்கிச் சின்னச் சத்தத்தை உயர்த்தும் வசதியும் இருந்தது. கரண்ட் கூடிக் குறையும் தீவு என்பதால் அதற்கு முன்னால் ஒரு ஸ்ரெபிலைசர். வயர்தான் தேடியெடுக்க நாள் சென்றது. கடையில் செம்பு என்று விற்றது, உள்ளே அலுமினியம், வெளியே செம்பு நிறம். உப்புக் காற்றில் அது ஒரு வருடம் தாங்காது. வள்ளங்களுக்குப் போடும், வெள்ளீயம் பூசிய செம்பு வயரை வாங்கினாள். நெடுந்தீவுக்கு வரமுன்பே, அந்தத் தாளில் விழுந்த கோடு எவ்வளவு விழுந்ததோ அவ்வளவு உயரும்படி றிசீவரில் இலக்கங்களை அமைத்தாள். அவர் கேட்டுச் சரி சொன்னால் போதும்.

ஊருக்கு வந்து, நடு ஸ்பீக்கரை ரி.வி.க்குக் கீழே வைத்தாள். மற்ற இரண்டையும் யசிந்தனின் கதிரைக்கு இரண்டு பக்கமும் கிட்டக்கிட்ட வைத்தாள். காதுக்குக் கிட்ட இருந்தால் உரக்கத் தேவையில்லை. சுவரும் தரையும் அதிராமல் இருக்க அடியில் பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டி வைத்தார்கள். அதை வெட்டித் தந்தவர் யசிந்தன். பிறகுதான் பற்றரியும் விரலும்.

ஆழ்வாப்பிள்ளையின் செத்தவீட்டில் யசிந்தன் முன்னுக்கு நின்றார். பந்தல் போட்டார், தண்ணீர் இழுத்தார், பாடைக்குத் தோள் கொடுக்கப் போனபோது முழங்கால் வருத்தம் என்று பொடியன்கள் தடுத்தார்கள். எல்லாம் முடிந்து அடுத்த நாள் நிலாந்தினி கொழும்புக்குப் போக வேண்டும். வலது ஸ்பீக்கர் இன்னும் சோதிக்காமல் கிடந்தது.

“கதவைப் பூட்டிப்போட்டுச் சின்னச் சத்தத்திலை ஐஞ்சு நிமிசம் போடுவம் அப்பா. உங்களுக்கு விளங்குதோ எண்டு மட்டும் பாப்பம்.”

“இல்லை. அந்தியேட்டி முடியட்டும்.”

மதலேனா குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள். செத்தவருக்கு முப்பத்தோராம் நாள் செய்யும் கிரியையான அந்தியேட்டி சைவக்காரருக்கு உரியது. “நாங்கள் வேதக்காரர். எங்களுக்கென்ன அந்தியேட்டி? பிரேதம் எடுக்கும் மட்டும் சத்தம் போடாமல் இருந்தால் காணும். அதுவும் உயிரோடை இருக்கேக்கை உங்களோடை கதையாத மனிசனுக்கு.”

“அவன் கேட்டதே சத்தம் போடாதை எண்டுதானே,” என்றார் யசிந்தன். “ஒரு முப்பது நாள் போடாமல் விட்டால் என்ன, குறைஞ்சோ போவன்?”

பிறகு மகளிடம் சொன்னார்: “அந்தியேட்டி முடிய நீ வா. நீ போட்டுவிடு. நான் அங்காலை போய் நிண்டு பாக்கிறன், சத்தம் வருதோ எண்டு.”

“நீங்கள் போய் நிண்டு?” நிலாந்தினிக்குச் சிரிப்பு வந்தது. “உங்களுக்குக் கேளாதே அப்பா. நான் போறன்.”

“எனக்குக் கேளாது எண்டு எனக்குத் தெரியாதே? நான் இலட்சுமிப்பிள்ளையைக் கேப்பன். உனக்குக் கேக்குதோ தங்கச்சி எண்டு. கேள்வி கேக்கிறதுக்குக் காது வேண்டாம்.”

“பதிலுக்கு?” என்றாள் மதலேனா.

“தலையை ஆட்டட்டும்.”

அடுத்த நாள் இறங்குதுறைக்கு வந்து மகளை ஏற்றிவிட்டார். லோஞ்ச் கிளம்பியபோது வழக்கம்போல் உள்ளங்காலை இறங்குதுறைப் பலகையில் அழுத்தி நின்று, எஞ்சின் நல்லாய் இருக்கிறது என்று லோஞ்சில் நின்ற மகளுக்குத் தலையை ஆட்டிக் காட்டினார்.

இடையில் ஒருநாள் மதலேனா போன் எடுத்தாள். “அப்பா வயர் நுனியளுக்கெல்லாம் கிரீஸ் பூசுறார்.”

“ஏனம்மா? கிரீஸ் கரண்டைக் கடத்தாது. துடைக்கச் சொல்லுங்கோ.”

“உப்புக் காத்தாம். லோஞ்சிலை பற்றரிக்கு அப்பிடித்தானாம்.”

“இது பற்றரி இல்லை எண்டு சொல்லுங்கோ.”

“துடைக்கிறாராம்... துடைக்க மாட்டார் பிள்ளை, நான் அறிவன்.”

அந்தியேட்டிக்கு ஒரு கிழமை இருக்கும்போது யசிந்தன் இறங்குதுறையில் லோஞ்ச் வருவதைப் பார்த்துக்கொண்டு ஒரு தூணில் சாய்ந்து இருந்தார். லோஞ்ச் வந்தது, ஆட்கள் இறங்கினார்கள், போனார்கள். அவர் எழும்பவில்லை.

செத்தவீட்டுக்கு ஊரே வந்தது. கோயில் மணி அடித்தது. இலட்சுமிப்பிள்ளை வரவில்லை. சேமக்காலைக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்த பின்னேரம், நிலாந்தினி கை கால் கழுவக் கிணற்றடிக்குப் போனபோது அவள் வேலிக்கு அப்பால் நின்றாள். பழைய பொட்டு இருந்த இடத்தில், மேல் கல் இரண்டு எடுத்துக் கீழே வைக்கப்பட்டிருந்தது. அந்த இடைவெளிக்குள்ளால் அவளுடைய முகம் தெரிந்தது.

“பிள்ளை, நான் உள்ளை வரக்கூடாது. எனக்குத் துடக்கு,” என்றாள். “ஒரு செத்தவீட்டுக்காரி மற்றச் செத்தவீட்டுக்கு வாறதில்லை. காலமை தொடக்கம் இதிலைதான் நிண்டனான்.”

“பறவாயில்லை மாமி.”

“இந்தக் கல்லை அண்ணைதான் எடுத்தவர், போன கிழமை. ரெண்டை எடுத்துப்போட்டு, மிச்சம் பிறகு எண்டு கையாலை காட்டினவர்.” சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். “நீ புதுசாய் ஏதோ சாமான் பூட்டினனியாம். நல்லாய்ச் செய்திருக்கிறாய் பிள்ளை. ஒரு சத்தமும் இஞ்சாலை வரேல்லை. எங்கடை அவர் இருந்திருந்தால் சந்தோசப்பட்டிருப்பார்.”

நிலாந்தினி கையைக் கழுவினாள். தண்ணீர் வாளியைக் கீழே வைத்தாள். ஓம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

“மாமி, அது இன்னும் போடவேயில்லை. அந்தியேட்டி முடியட்டும் எண்டு அப்பா சொன்னவர்.”

“ஆற்றை அந்தியேட்டி?”

“மாமான்ரை.”

இலட்சுமிப்பிள்ளை அதே இடத்தில் நின்றாள். பின்னால் மாடு கத்தியது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

“அப்ப பொழுது பட ரி.வி. வெளிச்சம் தெரியிறது?”

உள்ளே யன்னலடியில் இருந்த மதலேனாதான் இதற்குப் பதில் சொன்னாள். “சத்தமில்லாமல் பாத்தவர், இலட்சுமிப்பிள்ளை. எல்லா நாளும். பாத்துப்போட்டு எனக்குக் கதை சொன்னவர்.”

இலட்சுமிப்பிள்ளை திரும்பினாள். மாட்டை அவிழ்க்கப் போனாள்.

ஆட்கள் போன பிறகு நிலாந்தினி றிசீவரின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். அவர் துடைத்திருக்கவில்லை. ஒவ்வொரு முனையிலும் லோஞ்ச் கிரீஸ், கபில நிறத்தில், தடிப்பாக. வலது ஸ்பீக்கருக்குப் போகும் முனையில் பெருவிரலின் ரேகை அப்படியே பதிந்திருந்தது. துடைக்க வேண்டும். கிரீஸில் தூசு ஒட்டும், இணைப்புத் தளரும். அவள் துணியை எடுத்தாள். எடுத்த துணியைத் திரும்ப மடித்து வைத்தாள். பிளக்கைக் கழற்றினாள். அதில் அமைத்த இலக்கங்களை அழிக்கவில்லை. மதலேனாவுக்கு நல்ல காது. இந்த அமைப்பில் போட்டால் அவளுக்கு எல்லாம் கீச்சென்றுதான் கேட்கும். அது ஒரே ஒரு ஆளின் காதுக்கு அமைத்தது.

ஆழ்வாப்பிள்ளையின் அந்தியேட்டி அன்று நிலாந்தினி ஊரில்தான் இருந்தாள். பக்கத்து வளவில் ஐயர் மந்திரம் சொல்வது, பாத்திரம் உருள்வது, பந்திக்கு ஆள் கூப்பிடுவது எல்லாம் கல்வேலியின் ஓட்டைகளுக்குள்ளால் ஒரு சொல் பிசகாமல் வந்தன. மத்தியானத்துக்குப் பிறகு சனம் கலைந்தது. பிறகு அங்கே சத்தம் இல்லை. இங்கேயும் இல்லை.

மதலேனா விறாந்தையில் அவருடைய கதிரைக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தாள்.

“இண்டைக்குத்தான் போறன் எண்டவர்,” என்றாள்.

எடுத்த இரண்டு கல்லும் வேலியடியில் கிடந்தன. மிச்சக் கல் எல்லாம் பொட்டில் அப்படியே இருந்தது. யசிந்தன் அதைத் தாண்டி அங்காலை போய், உனக்குச் சத்தம் கேட்கிறதா தங்கச்சி என்று இலட்சுமிப்பிள்ளையிடம் கேட்கவில்லை.